செர்ரி தக்காளி இனிக்க மாட்டேங்குதா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டு மாடியில வளத்துற செர்ரி தக்காளி பத்தி ரெண்டே பத்திதான் எழுதினேனுங்க, அதுக்கு இத்தனை கடுதாசி வரும்னு நான் நினைக்கவே இல்ல. பாதிக்கு மேல நம்ம தமிழ்நாடு கேரளா எல்லைப் பக்கத்து ஊருங்கதான், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், ஆனைமலை, கிணத்துக்கடவுன்னு. நான் இருக்கறது வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்ங்கறதால உங்க மண்ணு, உங்க காத்து, உங்க வெயிலு எல்லாம் எனக்கும் அதேதான், அதனால புஸ்தகத்துல இருக்கறத விட என் தொட்டியில நடந்தத வெச்சுத்தான் பதில் சொல்றேன். ஆளுக்கொரு விதமா கேட்டிருந்தாலும் எல்லாருக்கும் வேண்டியது ஒண்ணுதான், பழம் இனிக்கணும்.

கேள்வி: அக்கா, கோயமுத்தூர் சூப்பர் மார்க்கெட்ல ஒரு டப்பா செர்ரி தக்காளி வாங்கினோம், திராட்சை மாதிரி அப்படி ஒரு இனிப்பு. அதுலயே விதை எடுத்துப் போட்டேன், நல்லாத்தான் வந்துச்சு. ஆனா மூணு செடியில ஒண்ணு சுமாரா இனிக்குது, ஒண்ணு புளிப்பு, இன்னொண்ணு காயே பெருசு பெருசா வருது. நான் என்ன தப்பு பண்ணேன்? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க. கடையில டப்பாவுல வர்ற செர்ரி தக்காளி பெரும்பாலும் எஃப் 1 ஹைபிரிட். ரெண்டு வேற வேற ரகச் செடிய மகரந்தம் சேத்து உண்டாக்கின மொதல் தலைமுறை அது, அந்த ஒரு தலைமுறைக்குத்தான் எல்லா செடியும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணு போல காய்க்கும். அதோட பழத்துல இருந்து விதை எடுத்தா அடுத்த தலைமுறையில தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு வெளிய வரும், ஒண்ணு புளிப்பா ஒண்ணு பெருசா. உங்க வீட்டு மூணு செடியில நடந்தது அதுதான். உலகத்துல பல பேரு இனிப்புக்குன்னே தேடுற சன்கோல்டுங்கற ஆரஞ்சு கலர் செர்ரி, ஜப்பான்ல டொகிட்டாங்கற விதைக் கம்பெனி உருவாக்கினது, அதுவும் எஃப் 1 தான், அதோட விதைய எடுத்து போட்டாலும் இதே கதைதான்.

இப்ப என்ன பண்ணலாம்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சுமாரா இனிக்குதுன்னு சொன்னீங்களே அந்த செடிய விட்றாதீங்க. தண்டுக்கும் இலைக்கும் நடுவுல கக்கத்துல ஒரு பக்கக் கிளை முளைக்கும் பாருங்க, அத ஒரு சாண் நீளம் வந்ததும் கிள்ளி, கீழ் இலைய எடுத்துட்டு ஒரு டம்ளர் தண்ணியில நிழல்ல வெச்சா ஒரு வாரம் பத்து நாள்ல வேர் விட்டுரும். அது தாய்ச் செடியோட அதே குணம், அச்சு அசல் அதேதான், விதையில வர்ற மாதிரி மாறாது. நான் இப்படியே ஒரே செடிய மூணு வருசம் கைமாத்தி கைமாத்தி வெச்சிருந்தேன். ஆனா தாய்ச் செடியில இலைச் சுருட்டை ஏதும் இருந்தா கிளையிலயும் அது கூடவே வரும், சுத்தமான செடியில இருந்து மட்டும் எடுங்க. ரெண்டாவது வழி, ஹைபிரிட் இல்லாத ரகமா பாத்து வாங்கறது, பாக்கெட்ல எஃப் 1ன்னு போடாம இருக்கும். டெல்லியில இருக்கற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா செர்ரி தக்காளி 1ன்னு ஒரு ரகம் விட்டிருக்காங்க, அதுவும் விசாரிச்சுப் பாக்கலாம்.

விதை எடுக்கறதுலயும் ஒரு விசயம் இருக்கு. விதைய சுத்தி வழவழன்னு ஒரு உறை இருக்கும், பழத்துக்குள்ளயே முளைச்சுறாம தடுக்கறது அதுதான். நல்லா பழுத்த பழத்த பிழிஞ்சு ஒரு கிளாஸ்ல கொஞ்சம் தண்ணியோட ரெண்டு நாள் மூணு நாள் மூடி வைங்க, மேல லேசா பூசணம் கட்டி புளிச்ச வாசம் வரும், அதான் பதம், அதுக்கு மேல விட்டா விதை உள்ளயே முளைக்க ஆரம்பிச்சுரும். தண்ணி ஊத்தி அலசினா மிதக்கறது சாவி, அடியில நிக்கறது நல்ல விதை. பீங்கான் தட்டுல பரப்பி நிழல்ல காய விடுங்க, டிஷ்யூ பேப்பர்ல போட்டா ஒட்டிக்கிட்டு பிரிக்கவே முடியாது. ஈரமில்லாத டப்பாவுல வெச்சா நாலு வருசம் வரைக்கும் முளைக்கும்.

கேள்வி: ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்களே, செர்ரி தக்காளிய ஆடியில போடலாமா? போன வருசம் போட்டு காத்துலயே எல்லாம் ஒடிஞ்சு போச்சு. (வாசகர், மீனாட்சிபுரம்)

ஆடியில அம்மியே நகரும்னு சொல்ற காத்துதானுங்க, அதுலயும் நம்ம பாலக்காட்டுக் கணவாய் ஓரம். மேற்குத் தொடர்ச்சி மலையில அம்மாம் பெரிய இடைவெளி வேற எங்கயும் இல்ல, கிட்டத்தட்ட முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு திறந்து கிடக்குது, தென்மேற்குப் பருவக் காத்து மொத்தமும் அந்த வாசல் வழியாத்தான் நம்ம மேல பாயுது. செர்ரி தக்காளியோ பெரும்பாலும் குட்டை ரகம் இல்ல, விட்டா ஏழு அடி எட்டு அடி போயிட்டே இருக்கும், கிளை எல்லாம் சுரைக்கொடி மாதிரி மெலிசு. அந்தக் காத்துக்கு அது எப்படி நிக்கும்.

காத்த விடுங்க, இனிப்புக்கும் அது சரிப்பட்ட மாசம் இல்ல, ஆடி ஆவணியில வானம் மூடியே கிடக்கும், வெயில் இல்லாம இனிப்பு ஏறாது. அதே நேரம் கோடையும் ஆகாது, பகல்ல 35 டிகிரிக்கு மேல போனா மகரந்தம் கெட்டுப் போயி பூ பூவா கொட்டும், ராத்திரி வெப்பம் 24க்குக் கீழ இறங்காம இருந்தாலும் அதே கதிதான். பாலக்காட்டுப் பக்கம் பங்குனி சித்திரையில 40ஐத் தொடுதே, அப்ப செடிய உசுரோட வெச்சுக்கறதே பெரிய பாடு.

நான் விதை போடறது புரட்டாசி கடைசி வாரம். ஐப்பசி மழை முழுக்க நாத்து திண்ணையில மழைத் தண்ணி படாம வளரும், மழை கொஞ்சம் விட்டதும் கார்த்திகை மொதல்ல தொட்டிக்கு மாத்துவேன், நட்டு ரெண்டு மாசத்துல, அதாவது மார்கழி கடைசி தை மொதல் வாரத்துல மொதல் பழம் சிவக்கும். ராத்திரி குளிரும் பகல்ல பளிச்னு வெயிலும் இருக்கற மாசம் அது, அப்ப வர்ற பழத்தோட ருசியே தனி, பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க கழுவறதுக்குள்ளயே தீத்துட்டாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, மார்கழி தையில காத்து அப்படியே திரும்பிரும், கிழக்க இருந்து வறண்ட காத்து கணவாய்க்குள்ள புகுந்து உங்க மீனாட்சிபுரம் பக்கம் சுத்தி அடிக்கும், மண்ணு காலையில நனைச்சா மத்தியானமே காஞ்சுரும். அதனால தொட்டிய வீட்டுச் சுவருக்கு மேக்குப் பக்கமா வைங்க, மண்ணு மேல தேங்கா மட்டை நார், காஞ்ச இலை ஏதாச்சும் போட்டு மூடி வைங்க.

கேள்வி: நாத்து எல்லாம் நூல் மாதிரி நீளமா வளந்து சாஞ்சுருது, சிலது அடித்தண்டு அழுகி விழுந்துருது. (சித்தூர்)

உங்க கடுதாசியில சித்தூர்னு மட்டும் இருந்துச்சுங்களா, ஆந்திரா சித்தூரோன்னு ஒரு நிமிசம் நினைச்சுட்டேன், அந்தப் பக்கமும் மதனப்பள்ளி தக்காளி சந்தை பேர் போனதாச்சே. கவர்ல 678ன்னு பின்கோடு பாத்துத்தான் நம்ம பாலக்காட்டு சித்தூர்னு தெரிஞ்சுது. அடுத்த தடவை ஜில்லாவும் போடுங்க, மண்ணு வேற இல்லீங்களா.

நூல் மாதிரி வளர்றது வெளிச்சம் பத்தாம. ஜன்னலோரம் வெச்சிருப்பீங்க, ஒரு பக்கத்து வெளிச்சம் தக்காளி நாத்துக்குப் போதவே போதாது. முளைக்கற வரைக்கும் எங்க வேணா வைங்க, 25ல இருந்து 30 டிகிரி சூடு இருந்தா அஞ்சாறு நாள்ல தலை காட்டும், தலை காட்டின அன்னிக்கே காலை வெயில்ல கொண்டு போய் வைக்கணும். நீண்டு போனதுக்கும் வருத்தப்பட வேண்டாம், தக்காளித் தண்டுல மண்ணு பட்ட இடமெல்லாம் வேர் விடும், மாத்தி நடும்போது மேல நாலு இலை விட்டு மீதித் தண்ட ஆழமா புதைச்சுருங்க, முன்ன இருந்ததை விட பலமாவே நிக்கும்.

அழுகல் வேற, அது ஈரம் ஜாஸ்தியானதால வர்ற பூஞ்சை. விதைய அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல போடாதீங்க, தண்ணிய ஊத்தாம தெளிச்சு மட்டும் விடுங்க, நாத்து மண்ணுல கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துருங்க, கெட்ட பூஞ்சைய அடக்கற நல்ல பூஞ்சை அது, உரக்கடையில பவுடரா கிடைக்கும். பொள்ளாச்சி நார் மில்லுல இருந்து நேரா நார்க்கழிவு வாங்கிட்டு வந்து போட்டிருந்தா அதுல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில ஊற வெச்சு பிழிஞ்சு அப்புறம் போடுங்க. நாலஞ்சு இலை வந்ததும், அதாவது 25 நாள் பக்கம், 15 லிட்டர் பெயிண்ட் வாளி அளவுக்குக் குறையாத தொட்டிக்கு மாத்திருங்க. செம்மண், நார்க்கழிவு, மக்கின சாணி எரு மூணும் சரி பங்கு, கூட ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, எனக்கு இது போதுமா இருக்கு.

கேள்வி: வெல்லத் தண்ணி ஊத்தினா பழம் இனிக்கும்னு எங்க அப்பத்தா சொல்லுது, யூட்யூப்ல ஆப்பசோடா போடுங்கறாங்க. எது நெசம்? (வாசகி, ஆனைமலை)

எனக்கு ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த விசயம் இதுதாங்க, நல்லவேளை கேட்டீங்க.

தக்காளிக்கு சர்க்கரை வேர்ல இருந்து வர்றது இல்ல. இலைதான் வெயில வெச்சு சர்க்கரைய சமைக்குது, சமைச்சத தண்டு வழியா காய்க்கு அனுப்புது. வேருக்கு வெல்லம் ஊத்தினா வெல்லம் வெல்லமா பழத்துக்கு ஏறாது, எறும்புதான் ஏறும். ஆனா உங்க அப்பத்தா சொன்னதை தள்ளிவிடவும் வேண்டாம், சாணி, கோமியம் எல்லாம் கலந்து புளிக்க வெக்கற ஜீவாமிர்தத்துல ஏக்கருக்கு 200 லிட்டருக்கு ரெண்டு கிலோ வெல்லம் போடறாங்கல்ல, அது மண்ணுல இருக்கற நுண்ணுயிருக்குச் சாப்பாடு. மண்ணு நல்லா இருந்தா செடி நல்லா இருக்கும், செடி நல்லா இருந்தா இலை நிறைய சமைக்கும், அப்படிச் சுத்தி வர்ற வழி அது. ஆப்பசோடா மட்டும் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற சோடியம் தொட்டி மண்ணக் கெடுத்துரும்.

இனிப்பு அளக்கறதுக்கு பிரிக்ஸ்னு ஒரு கணக்கு இருக்கு, குழம்புக்குப் போடற தக்காளி நாலு அஞ்சுதான் காட்டும், நல்ல செர்ரி ரகம் எட்டுல இருந்து பத்து வரைக்கும் போகும். இந்த வித்தியாசத்துல பெரும்பங்கு ரகத்தோட பிறவிக் குணம், அத நாம தொட்டியில எது ஊத்தியும் மாத்த முடியாது. நம்ம கையில இருக்கறது மீதி, அதுக்கு நாம செய்யறது இவ்வளவுதான்.

வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, எட்டு மணி நேரம் கிடைச்சா இன்னும் நல்லது. அப்புறம் இலை. பழத்துக்கு வெளிச்சம் படட்டும்னு சொல்லி கொத்துக்குப் பக்கத்துல இருக்கற இலைய எல்லாம் மழிச்சு எடுத்துடறாங்க, பாத்தா எனக்கு மனசு பதறும், அந்தக் கொத்துக்கு சோறு போடறதே அந்த இலைதானே. மண்ணத் தொடற கீழ் இலை, மஞ்சளான இலை, தேவையில்லாத பக்கக் கிளை இத மட்டும் எடுங்க, ரெண்டு தண்டு விட்டு மூங்கில்ல சணல் கயிறு கட்டி ஏத்தி விடுங்க. யூரியா, கோழி எரு மாதிரி தழைச்சத்து அள்ளிப் போட்டா காடு மாதிரி பச்சை வரும், பழம் சப்புன்னு இருக்கும். பூ விட்டதுக்கு அப்புறம் சாம்பல் சத்துதான், அதாவது பொட்டாஷ்தான் வேணும், விறகடுப்புச் சாம்பல் மாசத்துக்கு ஒரு கைப்பிடி போதும், அதுக்கு மேல போனா மண்ணு காரமாயிரும். பத்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பேன்.

அடுத்தது தண்ணி, பல பேரு இனிப்ப தொலைக்கறது இங்கதான். காய் பெருசாகற வரைக்கும் ஒரே சீரா தண்ணி விடுங்க, நிறம் மாற ஆரம்பிச்சதும் அளவ மெதுவா குறைங்க, காலையில மண்ணுல ஒரு விரக்கடை விரல விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் விடுங்க. செடி வாடற அளவுக்குப் போகக் கூடாது, மத்தியானம் லேசா சோர்ந்து சாயங்காலம் நிமிந்துட்டா சரி. ஜப்பான்ல இப்படி தண்ணிய இழுத்துப் பிடிச்சு வளத்துற தக்காளிய ஃப்ரூட் டொமேட்டோன்னு தனிப் பேர் வெச்சு பழம் மாதிரியே விக்கிறாங்க. காய் கொஞ்சம் சின்னதாத்தான் வரும், எண்ணிக்கையும் குறையும், ருசிக்காக அந்த நஷ்டத்த நான் மனசார ஏத்துக்கறேன்.

கேள்வி: நேத்து சாயங்காலம் வரைக்கும் ஜம்முனு நின்ன செடி இன்னிக்குக் காலையில பச்சையாவே தொங்கிருச்சு. தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தேன், எழவே இல்ல. (வாசகர், கஞ்சிக்கோடு)

இத படிச்சதும் என் ஆறு செடி ஞாபகம் வந்துருச்சு. அஞ்சு வருசம் முன்ன, கொத்து கொத்தா காய் பிடிச்ச நேரம், நாலு நாள்ல ஒண்ணு பின்னால ஒண்ணா ஆறும் போச்சு, நான் பண்ணின தப்பு வாடினதுக்குத் தண்ணி பத்தலைன்னு நினைச்சு ஒரே குவளையில எல்லாத்துக்கும் மாத்தி மாத்தி ஊத்தினது. அது பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியாங்கற பாக்டீரியா வேர் வழியா புகுந்து தண்ணி போற குழாய அடைச்சுரும், இலை மஞ்சளாகறதுக்குக் கூட நேரம் குடுக்காது.

சந்தேகம் தீரணும்னா அடித்தண்ட ரெண்டு அங்குலம் வெட்டி ஒரு கண்ணாடி கிளாஸ் தண்ணியில தொங்க விடுங்க, சில நிமிசத்துல வெட்டின இடத்துல இருந்து பால் மாதிரி வெள்ளையா நூல் இறங்கினா அதேதான். மருந்து இல்லீங்க. செடிய வேரோட பிடுங்கி எரிச்சுருங்க, கம்போஸ்ட் குழியில போட்றாதீங்க, அந்தத் தொட்டி மண்ணுல தக்காளி கத்திரி மிளகா எதுவும் திரும்ப வைக்காதீங்க, கத்தரிக்கோல், குவளை எல்லாம் கழுவி வெயில்ல வைங்க. கேரளா மண்ணு பல இடத்துல புளிப்பு மண்ணு, மழையும் ஜாஸ்தி, இந்த வியாதிக்கு அது தோதான இடம். அதனாலதான் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகான்னு வாடலைத் தாங்கற ரகமா கொண்டு வந்தாங்க, ஆனா அதெல்லாம் சமையல் தக்காளி, செர்ரி இல்ல.

செர்ரிக்கு நான் கண்ட வழி ஒட்டுக் கட்டறது. தைவான்ல இருக்கற உலக காய்கறி மையம் ரொம்ப வருசமா தக்காளிய வாடலைத் தாங்கற கத்திரி ரகத்தோட வேர்ல ஒட்டுறதச் சொல்லிக் குடுக்கறாங்க, நம்ம ஊர்ல சுண்டைக்கா வேர்லயும் ஒட்டுவாங்க. கத்திரி நாத்து மெதுவா வளரும்கறதால தக்காளிக்கு ஒரு பத்து நாள் முன்னயே போட்டுருங்க, சுண்டைக்கா இன்னும் முன்னால. ரெண்டு தண்டும் பென்சில் முனை கனம் வந்ததும் கத்திரியோட தலைய வெட்டி நடுவுல பிளந்து, தக்காளித் தலைய ஆப்பு மாதிரி சீவி உள்ள சொருகி கிளிப் போட்டு, பிளாஸ்டிக் கவர் மூடி இருட்டுல மூணு நாலு நாள், அப்புறம் நிழல்ல ஒரு வாரம். மொதல்ல பத்துல மூணுதான் எனக்குப் பிடிச்சுது, இப்ப ஏழெட்டு பிடிக்குது. ஒட்டு இடம் மண்ணுக்கு மேலயே நிக்கணும், மேல சொன்னேனே தண்ட ஆழமா புதைக்கறது, அத ஒட்டுச் செடிக்கு மட்டும் பண்ணவே பண்ணாதீங்க.

கேள்வி: இலை எல்லாம் கிண்ணம் மாதிரி சுருண்டு செடி குட்டையாயிருச்சு. (வாசகி, வாளையார்)

வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ். வந்த செடிய எடுத்துருங்க, பக்கத்துச் செடியாவது பிழைக்கும். அடுத்த தடவை நாத்துப் பருவத்துல கொசுவலைத் துணி மூடி வைங்க, மஞ்சள் ஒட்டு அட்டை தொங்க விடுங்க, வேப்பெண்ணெய் லிட்டருக்கு அஞ்சு மில்லி கூட கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருக்கா இலையோட அடிப்பக்கம் படற மாதிரி அடிங்க. மேல மட்டும் அடிச்சா ஈ அடியில சௌகரியமா இருக்கும்.

கேள்வி: பழம் பழுக்கறப்ப வெடிச்சு வெடிச்சுப் போகுது. அடுக்குமாடி வீடுங்க, பூவும் நிறைய கொட்டுது, தேனீயே வர்றதில்ல. (வாசகி, பாலக்காடு)

செர்ரிக்குத் தோல் மெலிசு, காஞ்சு கிடந்த மண்ணுல திடீர்னு மழையோ நிறைய தண்ணியோ பட்டா உள்ள வீங்கி தோல் தாங்காம பிளந்துரும். மழை வர்ற மாதிரி இருந்தா பாதி நிறம் மாறினதையும் பறிச்சுருங்க, வீட்டுக்குள்ளயே பழுக்கும், ஆனா முழு இனிப்பு வேணும்னா செடியிலயே பழுத்து, தொட்டா கையோட வர்ற பதத்துலதான் பறிக்கணும். பிரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர்ல வாசம் செத்துப் போகும்.

பூவுக்கு தேனீ வராட்டியும் பரவால்லங்க, தக்காளி தன் மகரந்தத்துலயே காய்க்கற செடி, ஒரு ஆட்டு ஆட்டினா போதும். கருப்பா ரீங்காரம் போட்டுட்டு வர்ற மர வண்டு பூவப் பிடிச்சுட்டு உடம்ப அதிர வெச்சு மகரந்தத்தக் கொட்ட வைக்கும், தேனீக்கு அந்த வித்தை வராது. நீங்க காலையில ஒம்பது பத்து மணி வாக்குல பூக்கொத்தோட காம்ப விரலால சுண்டி விடுங்க.

கேள்வி: எனக்கு கிணத்துக்கடவு பக்கம் அரை ஏக்கர் தக்காளி இருக்கு. செர்ரிக்கு மாறலாமா?

மொதல்ல நாலு வரிசை மட்டும் போட்டுப் பாருங்கண்ணா. சந்தைக்கு லோடு ஏத்தற பெட்டியில செர்ரி தாங்காது, தினம் கை வெச்சுப் பறிக்கணும், கூலி பல மடங்கு. வாங்கறவங்கள முன்னயே பேசி வெச்சுக்காம அரை ஏக்கரையும் மாத்தாதீங்க.

கேள்வி: நான் ஏழாம் கிளாஸ் படிக்கிறேன் அத்தை. செர்ரி தக்காளியும் எங்க வேலியில இருக்கற சுக்குட்டிப் பழமும் சொந்தமா? (கோபாலபுரம்)

ஆமா கண்ணு, சொந்தம்தான், நீயே கண்டுபிடிச்சது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. நாம சுக்குட்டின்னு சொல்றத மத்த ஊர்ல மணத்தக்காளிங்கறாங்க, பேர்லயே தக்காளி இருக்கு பாரு. தக்காளி, கத்திரி, சுண்டைக்கா, உருளைக்கிழங்கு, சுக்குட்டி எல்லாம் சொலானம்ங்கற ஒரே வம்சம். ரெண்டு பூவையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரியும், ஒண்ணு மஞ்சள் ஒண்ணு வெள்ளை, ஆனா அஞ்சு இதழும் நடுவுல கூம்பு மாதிரி நிக்கறதும் ஒரே ஜாடை. தக்காளி கடல் தாண்டி வந்த செடி, அதனால பழைய ஆளுங்க சீமைத்தக்காளின்னு சொல்லுவாங்க. தென் அமெரிக்காவுல பெரு, ஈக்வடார் பக்கம் பட்டாணி சைசுல காட்டுத் தக்காளி இன்னும் இருக்கு, உன் சுக்குட்டிப் பழம் மாதிரியே குட்டிக் குட்டியா, கொத்தா, ஆனா சிவப்பா.

உன் விலாசத்துக்கு பத்து விதை அனுப்பறேன். புரட்டாசி கடைசியில போடு, பேப்பர் கப்புல அடியில ஓட்டை குத்திட்டு ஒண்ணுல ரெண்டு விதை. ரெண்டு பூவையும் வரைஞ்சு எனக்கு அனுப்பு, மொதல் பழம் எந்தத் தேதியில சிவந்துச்சுன்னும் எழுது.